ஆறாம் பிளாக் பன்னிரண்டாம் நம்பர் புத்தகம்

உலகத்தின் எந்த மூலையில் யார் யாரிடம் வழி கேட்டாலும் அது தன்னுடைய தவறு என்று நம்பிய ஒரே மனிதரை எனக்குத் தெரியும். அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் இருந்திருக்கும். நாங்கள் யாரும் அதைத் தேடிப் போனதில்லை. நெய்வேலியில் அவருக்குப் பெயர் 'மூணு நிமிஷம்'. அவர் மனைவியே ஒரு நாள் கடைத்தெருவில் "எங்கூட்டு மூணு நிமிஷத்தப் பாத்தீங்களா?" என்று விசாரித்ததாகச் சொல்வார்கள். நான் நம்புகிறேன்.

அறுபதுகளின் தொடக்கம் அது. நிலக்கரிச் சுரங்கத்து ஆட்களுக்காக எழுந்த நகரியம் அப்போது சுண்ணாம்பு வாசனை போகாத ஊர். முந்திரித் தோப்புகளை வெட்டிவிட்டு, செம்மண்ணில் கோடு கிழித்து, பிளாக் பிளாக்காகக் குவார்ட்டர்ஸ் கட்டிக்கொண்டே போனார்கள். எல்லாம் ஒரே அச்சு. ஷிஃப்ட் முடித்துத் தூக்கக் கலக்கத்தில் வந்த ஒருவர் பக்கத்து வீட்டுக்குள் நுழைந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டி, காபி வாங்கிக் குடித்து, காபி நன்றாக இருக்கிறதே என்று அப்புறம்தான் சந்தேகப்பட்டார். இதெல்லாம் அங்கே வாரம் ஒன்று நடக்கும்.

அந்த ஊரில் கதவு கதவாக நம்பர் எழுதியவர்தான் நம் ஆள். பண்ருட்டிக்காரர். பராமரிப்புப் பிரிவில் பெயிண்டர். ஒல்லியான உடம்பு, முழங்கால் வரை காக்கி நிஜார், தோளில் ஒரு பை. பைக்குள் பிரஷ், பெயிண்ட் டப்பா, துண்டில் சுற்றிய ஒரு டைம்பீஸ்.

தெருமுனையில் வழிகாட்டிப் போர்டு மாட்டியதும் மற்ற பெயிண்டர்கள் டீ குடிக்கப் போவார்கள். இவர் எதிரே இருக்கிற புதருக்குப் பின்னால் போய் உட்காருவார். மடியில் டைம்பீஸ். ஊருக்குப் புதிதாக ஒருவர் வந்து, போர்டைப் பார்த்து, மூன்று நிமிஷத்துக்குள் யாரையும் கேட்காமல் சரியான தெருவுக்குள் திரும்பிவிட்டால் போர்டு பாஸ். "ஏங்க, அஞ்சாம் பிளாக்குக்கு எப்பிடிப் போவணும்?" என்று கேட்டுவிட்டால் ஃபெயில். மறுநாள் அழித்துவிட்டு வேறு மாதிரி எழுதுவார். ஒரு முனைக்கு மட்டும் ஏழு தடவை எழுதினார். புதருக்குள் டிக் டிக் என்று சத்தம் கேட்ட காவலாளி ஒருவர் விசில் ஊதி ஊரையே கூட்டிவிட, இவர் முள்ளுக்குள்ளிருந்து எழுந்து, "சத்தம் போடாதய்யா, ஒருத்தர் போர்டு படிச்சிகினு இருக்காரு" என்றாராம்.

இப்போது என்னைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பகலில் நான் நகரிய அலுவலகத்தில் குமாஸ்தா. சாயங்காலம் எங்கள் ஊழியர் மன்றத்து நூலகத்துக்குக் கௌரவ நூலகர். கௌரவம் என்றால் சம்பளம் கிடையாது. ஆனால் மெட்ராஸில் ஆறு மாதம் நூலகப் பயிற்சி முடித்த சான்றிதழ் என்னிடம் இருந்தது. அதைச் சட்டம் போட்டு என் தலைக்கு மேலேயே மாட்டியிருந்தேன். எண்ணூறு புத்தகத்துக்கும் ஆங்கிலத்தில் கார்டு எழுதினேன். எண், புள்ளி, மறுபடி எண், ஒரு சாய்கோடு, மூன்று எழுத்து. ஒவ்வொரு கார்டும் கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கும். ஒரு வருஷம் அந்த இழுப்பறைகளை என்னைத் தவிர யாரும் திறக்கவில்லை. வாசகர்களின் தரம் அவ்வளவுதான் என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

அலமாரிகளுக்கு எண் எழுதத்தான் மூணு நிமிஷத்தைக் கூப்பிட்டேன். தாளை வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார்.

"என்னா சார் இது?"

"வகைப்பாட்டு எண்."

"யாருக்கு?"

"வாசகர்களுக்குத்தான்."

"இந்த நம்பரு அவங்களுக்குத் தெரியுமா?"

"கார்டைப் பார்த்தால் தெரியும்."

"கார்டு எந்தப் பொட்டியிலன்னு?"

"அது என்னைக் கேட்டால் சொல்லுவேன்."

அவர் முகம் சுருங்கிவிட்டது. கேட்டால் என்ற சொல் அவருக்கு ஆகாது. வாசலுக்குப் போய், சைக்கிளில் போய்க்கொண்டிருந்த ஒரு கிரேன் ஓட்டுநரை இறக்கிக் கூட்டிவந்தார். மதுரைப் பக்கத்து ஆள், பனைமரம் போல இருப்பார். "முந்திரி வெவசாயத்தப் பத்தி ஒரு புக்கு இங்க இருக்கு. நீங்களே எடுக்கணும். யாரும் சொல்ல மாட்டோம்." அதோடு டைம்பீஸை மேஜைமேல் வைத்துவிட்டு, வாய் தவறி உதவி செய்துவிடக் கூடாது என்று துண்டு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டார்.

கிரேன்காரர் முதல் இழுப்பறையை இழுத்தார். அவர் கைப்பலத்துக்கு அது முழுசாகக் கையோடு வந்துவிட்டது. முந்நூறு கார்டு தரையில். நானும் அவரும் மண்டியிட்டுப் பொறுக்கினோம். கடைசியில் அந்த மனிதர் எழுந்து கையைக் கட்டிக்கொண்டு, "எனக்கு அம்புட்டுப் படிப்பு இல்லீங்க. தப்பா நினைக்காதீக" என்றார்.

மூணு நிமிஷத்துக்கு நான் பார்த்தவரை அன்றுதான் கோபம் வந்தது. "நீ எதுக்குய்யா மன்னிப்பு கேக்கற? அத்தினி டன்னு தூக்கி எடம் தவறாம வெக்கறவன் நீ. உன்னால ஒரு புக்க எடுக்க முடியலன்னா, தப்பு வெச்சவன் மேல." வெச்சவன் நான்தான். என் சான்றிதழுக்குக் கீழேயே நின்றுகொண்டிருந்தேன்.

மன்றத்துச் செயலாளரிடம் புகார் சொன்னேன். அவர் ஒரு அதிகாரி. எதையும் எழுத்தில் கேட்பவர். ஆனால் அன்று வாயாலேயே, "மாசத்துக்கு எத்தனை புத்தகம் வெளியே போகுது?" என்றார். நான் பாதி திறந்த கணக்குப் புத்தகத்தை அப்படியே மூடினேன். "அப்ப பெயிண்டர் சொல்றபடி பண்ணிப் பாரும்" என்றுவிட்டார்.

பெயிண்டரின் யோசனை இதுதான். "இந்த ஊருல பொறந்த கொழந்தைக்கும் பிளாக்கும் நம்பரும் தெரியும் சார். அதையே வெச்சிடுவோம்." ஒவ்வொரு அலமாரியும் ஒரு பிளாக். ஒவ்வொரு புத்தகமும் ஒரு வீட்டு நம்பர். சுவரில் ஒரே ஒரு பெரிய போர்டு. முதல் பிளாக் சாமி, இரண்டாம் பிளாக் விவசாயம், மூன்றாம் பிளாக் சட்டம், நான்காம் பிளாக் துப்பறியும் கதை என்று வரிசையாகப் போய், ஆறாம் பிளாக் உடம்பும் வைத்தியமும். புத்தக முதுகில் அவரே மெல்லிய பிரஷ்ஷால் நம்பர் எழுதினார். அதே கிரேன்காரரை மறுபடி கூட்டிவந்து சோதித்தோம். ஒன்றரை நிமிஷத்தில் முந்திரிப் புத்தகத்தை எடுத்துவிட்டார். மூணு நிமிஷம் அவரைக் கட்டிக்கொண்டார். கையெல்லாம் ஈரப் பெயிண்ட்.

புது ஏற்பாட்டுக்கு மன்றம் வைத்த திறப்பு விழா முடிந்த மறுநாள் சாயங்காலம் ஒரு ஃபிட்டர் வந்தார். சுவர்ப் போர்டை அவர் பார்க்கவே இல்லை. நேராக மூன்றாம் பிளாக் அலமாரிக்குப் போனார், நாற்பதாம் நம்பர் புத்தகத்தை உருவினார், பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார்.

"என்ன புத்தகம் எடுத்தீர்கள்?" என்றேன்.

"எங்க வீட்டுப் புத்தகம் சார்."

"உங்கள் வீடா?"

"மூணாம் பிளாக்கு நாப்பது. நம்மளுதுதான்."

விஷயம் எனக்கு விளங்குவதற்குள் வாசலில் வரிசை நின்றது. வீடு, கட்டில், ஃபேன் எல்லாமே அலாட்மென்ட்டில் வருகிற ஊர். நம்பர் போட்டு ஒன்று வைத்தால் அது அந்த நம்பர்காரருக்கு என்றுதான் நினைப்பார்கள். நான் தொண்டை கிழியச் சொல்லிப் பார்த்தேன். "சார் நமக்கு வர்றத மறிக்கிறாரு" என்று பேச்சாகிவிட்டது. மூணு நிமிஷமோ டைம்பீஸைப் பார்த்துக் கண் கலங்கினார். "அரை நிமிஷம் சார். ஒருத்தரும் ஒரு வார்த்த கேக்கல."

ஒரு மாதத்தில் நகரியத்தின் குணமே மாறியது. இரண்டாம் பிளாக்கில் வீட்டுக்கு வீடு வாழை, கோழிக்கூண்டு. மூன்றாம் பிளாக்காரர்கள் சட்டம் படித்துவிட்டுக் குழாயில் தண்ணீர் நின்றால்கூட வக்கீல் பாணியில் மனு கொடுத்தார்கள். அந்த மனுக்களைப் படித்துச் சுருக்கம் எழுத வேண்டிய குமாஸ்தா நான். நான்காம் பிளாக்கில் ஒருவரையொருவர் ஜன்னல் திரையை விலக்கிக் கவனித்தார்கள். முதல் பிளாக்கில் ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைக்குப் போவது நின்றுபோய், கறிக்கடைக்காரர் என்னைத் தேடி வந்து விசாரித்தார். ஒரு வெல்டர், "எனக்கும் பக்கத்து வீட்டுக்காரனுக்கும் ஒரே கிரேடு. அவனுக்கு நானூறு பக்கம், எனக்கு அறுபது பக்கமா?" என்று விண்ணப்பம் கொடுத்தார். இரண்டு பேர் சம்மதித்துப் புத்தகம் மாற்றிக்கொள்ள அனுமதி கேட்டார்கள். திருப்பித் தருவது மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. கேட்டால், "குவார்ட்டர்ஸ் காலி பண்ணறப்ப சேர்த்துத் தர்றேன்" என்றார்கள்.

இந்தச் சமயத்தில்தான் ஒரு புதன்கிழமை லூர்து மேரி உள்ளே வந்தாள். இருபத்திரண்டு வயதிருக்கும். சாலையோரக் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றும் கான்ட்ராக்ட் வேலை. குடத்தை வாசலில் வைத்துவிட்டு, ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அலமாரிகளின் எதிரே நின்றாள். மூணு நிமிஷம் வழக்கப்படி அவள் பின்னால் போய் நின்று துண்டைக் கடித்துக்கொண்டார். அவள் சுவர்ப் போர்டை வாய்விட்டே படித்தாள். தடங்கலே இல்லை. ஆறாம் பிளாக் அலமாரி வரை போனாள். அதைத் தொடாமல் திரும்பி, குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மூணு நிமிஷம் டைம்பீஸைக் கையில் வைத்தபடியே பின்னால் ஓடினார். நானும் போனேன்.

"ஏம்மா, இன்னா புக்கு வோணும் உனக்கு? போர்டு புரியலியா?"

"நல்லாப் புரிஞ்சுதுங்க. அது கோட்ரஸ்காரங்களுக்குத்தானுங்களே. எனக்கு ஏதுங்க நம்பரு?"

அவள் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அவள் பிறந்த ஊர் இருந்த இடத்தில் இப்போது சுரங்கம். குடும்பம் முத்தாண்டிக்குப்பம் பக்கம் ஒரு கொட்டகையில் இருக்கிறது. எட்டாவது வரை படித்திருக்கிறாள். ஆஸ்பத்திரியில் வார்டு உதவிக்கு ஆள் எடுக்கிறார்கள். திங்கட்கிழமை நேர்முகம். "பர்மனன்ட்டுங்க. தீஞ்சா இன்னா செய்வ, ரத்தம் வந்தா இன்னா செய்வன்னு கேப்பாங்களாம். மொதலுதவி புக்கு ஒண்ணு படிச்சிகினு வான்னு சிஸ்டரு சொன்னாங்க. கான்ட்ராக்ட்டு இந்த மாசத்தோட முடியுதுங்க. இதுவும் இல்லன்னா நாங்க வேற ஊருதான் போவணும்."

மூணு நிமிஷம் அப்படியே நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். "வூடு கெடச்சவனுக்குத்தான் சார் நான் இத்தினி நாளா போர்டு எழுதிகினு இருந்திருக்கேன்" என்றார். எனக்கு அவரைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. என் கார்டுகளைவிட அவர் போர்டு மோசம் என்று ஒரு கணம் சந்தோஷப்பட்டதையும் ஒத்துக்கொள்கிறேன்.

புத்தகத்தை எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று உள்ளே போனோம். நூலகத்தில் இருந்தது ஒரே ஒரு முதலுதவிப் புத்தகம். ஆறாம் பிளாக் பன்னிரண்டு. அந்த இடம் காலி. பதிவேட்டைப் பார்த்தேன். ஆறாம் பிளாக் பன்னிரண்டாம் நம்பர் வீட்டில் இருந்தவர் எங்கள் செயலாளர்.

இரண்டு பேரும் அன்றே போனோம். புத்தகம் கூடத்துக் கண்ணாடி அலமாரியில் பழுப்பு அட்டை போட்டுக்கொண்டு நின்றது. அட்டையில் செயலாளர் பெயர், பதவி.

"ஐயா, ஒரு நாலு நாளைக்குக் குடுத்தீங்கன்னா ஒரு பொண்ணு பொழச்சிக்கும்" என்றார் மூணு நிமிஷம்.

"அது எனக்கு அலாட் ஆனதுப்பா. வேணும்னா எழுதிக் குடு. அடுத்த கமிட்டிக் கூட்டத்துல வைக்கிறேன்."

"கூட்டம் எப்பங்க?"

"அடுத்த மாசம்."

"நம்பரு போட்டவன் நான்தாங்க ஐயா. சும்மா அடையாளத்துக்குப் போட்டது."

"யார் போட்டதுங்கறது கேள்வி இல்லை. என் கதவுல பன்னெண்டு, அதுலயும் பன்னெண்டு. அவ்வளவுதான்."

வாசலுக்கு வந்ததும் மூணு நிமிஷம் திரும்பி நின்று அந்தக் கதவை வெகுநேரம் பார்த்தார். நான் அவர் மனம் நொந்துவிட்டார் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு, செயலாளர் அலுவலகம் போன பிறகு, ஊரே பார்க்க ஏணியைச் சாய்த்து, பன்னிரண்டில் இருந்த ஒன்றை ஏழாக்கினார். எழுபத்திரண்டு. அந்த பிளாக்கில் அறுபதுக்கு மேல் வீடே கிடையாது. செயலாளரின் மனைவி வெளியே வந்தார்.

"என்னப்பா பண்றே?"

"நம்பரு மாத்தறேங்கம்மா. இனிமே இது எழுவத்திரெண்டு. உள்ள பன்னெண்டாம் நம்பர் புக்கு இருந்தா குடுத்துடுங்க. அது இந்த வூட்டுது இல்ல."

"ஆர்டர் வந்துடுச்சா?"

"ஆஸ்பத்திரி விஷயங்க. அவசரம்."

அந்த அம்மாள் உள்ளே போய்ப் புத்தகத்தோடு வந்தார். "மகராசனா எடுத்துண்டு போ. ரசம் தாளிக்கறச்சே வந்து, கையை நீட்டு, கட்டுப் போட்டுப் பழகணும்ங்கறார். ஒரு வாரமா ஒத்தைக் கையாலதான் சமைக்கறேன்."

புதுப் புத்தகம் வந்த மாதிரி லூர்து மேரி அதை நெஞ்சோடு சேர்த்து வாங்கிக்கொண்டாள். தண்ணீர் ஊற்றும் நேரத்தில் குடத்தைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து படித்ததை நான் அலுவலக ஜன்னலிலிருந்து பார்த்தேன். அந்த நாலு நாளில் எங்கள் சாலையில் இரண்டு கன்றுகள் வாடின.

நம்பர் மாறிய அன்று மாலை செயலாளர் வீடு திரும்பினார். கதவில் எழுபத்திரண்டைப் பார்த்துவிட்டு, தெரு தப்பிவிட்டது என்று சைக்கிளைத் திருப்பினார். மூன்று சுற்றுச் சுற்றினார். கடைசியில் எதிர்வீட்டுக்காரரிடம், "ஏன் சார், என் வீடு எங்கே?" என்று கேட்டார். அவர் வழி கேட்டது தெரிந்ததும் மூணு நிமிஷம் உண்மையாகவே வருந்தினார். "ஒருத்தர் வழி தப்பணும்னு எழுதினது இது ஒண்ணுதான் சார்" என்று என்னிடம் இரண்டு தடவை சொன்னார்.

மூணு நிமிஷத்துக்கு மெமோ வந்தது. குடியிருப்பு எண்ணை அனுமதியின்றித் திருத்தியதற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். பொதுவாக நான் என் இன்கிரிமென்ட்டைத் தவிர வேறு எதற்காகவும் பேனாவைத் திறக்காதவன். அன்று உட்கார்ந்து, இரண்டு பக்கம் ஆங்கிலத்தில், சூழ்நிலை, நோக்கம், முன்னுதாரணம் என்று பத்தி பத்தியாக அவருக்கு ஒரு பதில் தயார் செய்தேன். நான் சொல்லித்தான் செய்தார் என்றும் ஒரு வரி சேர்த்தேன். படித்துக் காட்டினேன்.

"ரொம்ப நல்லா இருக்கு சார். இத யாரு படிக்கணும்?"

"மேலதிகாரி."

"பாவம்" என்றார். ஒரு வெள்ளைத் தாள் எடுத்து, போர்டு எழுத்தில் பெரிதாக எழுதினார்: 'புத்தகம் ஒரு பெண்ணுக்கு வேண்டியிருந்தது. நம்பரை நான் மாற்றினேன். வேறு யாரும் இல்லை.' அதைத்தான் கொடுத்தார். மேலதிகாரி அதை மூன்று நிமிஷத்துக்குள் படித்திருப்பார். அடுத்த நாளே நகரியத்திலிருந்து சுரங்கத்துக்கு மாற்றல். பள்ளத்துக்குள் இயந்திரங்களுக்கு நம்பர் எழுதும் வேலை.

போவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நூலகத்தில் இருந்து, சுவர்ப் போர்டையும் அலமாரிகளிலும் புத்தகங்களிலும் இருந்த நம்பர்களையும் அழித்தார். பதிலுக்கு ஜனங்கள் எப்படிக் கேட்பார்களோ அப்படியே எழுதினார். 'உடம்புக்கு', 'வேலைக்கு', 'பயிருக்கு', 'சிரிக்க', 'சண்டைக்கு'. சண்டைக்கு என்றால் சட்டம். நான் மறுக்கவில்லை. இழுப்பறைகளை மட்டும் பரணில் ஏற்றச் சொன்னேன்.

பத்து நாள் கழித்து லூர்து மேரி நூலகத்துக்கு வந்தாள். வேலை கிடைத்துவிட்டது. கேட்டதற்கெல்லாம் சொல்லிவிட்டாளாம். தீக்காயம், பாம்புக்கடி, எல்லாம். புத்தகத்தை 'உடம்புக்கு' அலமாரியில் தானே வைத்தாள். பிறகு சுற்றிப் பார்த்தாள்.

"அவரு எங்கீங்க?"

சுரங்கத்துக்குப் போன கதையைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் முகம் வாடியது. "என்னாலயாங்க?" என்றாள். நான் ஏதோ மழுப்பினேன்.

மறுநாள் முதல் ஷிஃப்ட் விடுகிற நேரத்துக்கு அவள் சுரங்க வாசலில் போய் நின்றிருக்கிறாள். அதற்கடுத்த நாள் நூலகத்துக்கு வந்தவளிடம் நான் கேட்டேன். "அங்கே நூறு இருநூறு பேர் ஒன்றாக வெளியே வருவார்களே. தலையிலிருந்து கால் வரை நிலக்கரித் தூசி. எல்லோரும் ஒரே நிறமாக இருப்பார்களே. யாரைக் கேட்டு அவரைக் கண்டுபிடித்தாய்?"

"யாரையும் கேக்கலீங்க" என்றாள். "எல்லாரும் வூட்டுக்குப் போவற அவசரத்துல ஓடினாங்க. ஒருத்தரு மட்டும் சொரங்க வாசலு மேல இருக்கற போர்ட அண்ணாந்து பாத்துகினு, இது சரியில்லன்னு தலைய ஆட்டிகினு நின்னாருங்க."

நான் சிரிக்கத்தான் ஆரம்பித்தேன். அந்த ஆளை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.